மண்டபத்து உப்புக்காற்றில் ஐந்து மாதம்: ஒரு ஸ்பிரிங் பந்தெறி கருவிப் பெட்டியின் மதிப்புரை

பதினொன்றாம் வகுப்பு மாணவர்களின் பொறியியல் திட்டப்பணிக்காக இணையவழியில் 1,850 ரூபாய் கொடுத்து வாங்கிய ஸ்பிரிங் பந்தெறி கருவிப் பெட்டியைப் பற்றி எழுதுகிறேன். தயாரிப்பாளரின் பெயரையும் விற்றவரின் பெயரையும் சொல்லப் போவதில்லை. இதே வடிவத்தில், பெட்டியின் நிறம் மட்டும் மாறி, குறைந்தது நான்கைந்து பெயர்களில் இக்கருவி விற்பனைக்குக் கிடைக்கிறது. படத்தைப் பார்த்தாலே அடையாளம் தெரிந்துவிடும். ஒளி ஊடுருவும் அக்ரிலிக் குழாய், அதனுள் ஒரு சுருள்வில், சுருள்வில்லை இழுத்து மாட்டுவதற்கு ஒரு இரும்புத் தள்ளுதடி, மரத்தூளை அழுத்திச் செய்த எம்.டி.எப். பலகையில் வெட்டிய தாங்கிகள், பக்கவாட்டில் ஒட்டிய காகிதக் கோணமானி என்பவைதான் மொத்தக் கருவியும். கருவி பந்தை எறிகிறது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு முறை விழுந்த இடத்தில் மறுமுறை விழும்படி எறிவதில்லை. திட்டப்பணிக்குத் தேவைப்படுவது இரண்டாவதுதான்.

எங்கள் பள்ளி, ராமநாதபுரம் மாவட்டத்தின் மண்டபம் என்ற ஊரிலிருந்து நடந்து போகும் தூரத்தில், கடலை ஒட்டி இருக்கிறது. மாணவர்கள் கருவிகளைச் செய்து பழகுவதற்காக மத்திய அரசின் நிதி ஆயோக் 2016-இல் பள்ளிகளில் தொடங்கிய அடல் ஆய்வுக்கூடங்களில் ஒன்று எங்களுக்கு வாய்க்கவில்லை; இயற்பியல் ஆய்வகத்தில் உள்ள கருவிகள் பொதுத்தேர்வுச் செய்முறைக்கு மட்டுமே போதுமானவை. இந்த நிலையில், அறிவியல் கண்காட்சிக்காக எங்களுக்குக் கொடுக்கப்பட்ட பணி இது: இயந்திர ஆற்றலால் மட்டும் இயங்கும் ஒரு பந்தெறி கருவியை மாணவர்களே வடிவமைத்து, 2, 3, 4 மீட்டர் தொலைவுகளில் வைக்கப்படும் பிளாஸ்டிக் வாளிகளுக்குள் பந்தை விழச் செய்ய வேண்டும். மின்மோட்டாருக்கும் அழுத்தக் காற்றுக்கும் அனுமதி இல்லை. நான்கு மாணவர்கள் சேர்ந்தார்கள். அவர்களில் இருவர் நாட்டுப்படகு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் என்பது பிறகு மிகவும் உதவியது. எல்லாவற்றையும் ஒன்றுமில்லாத நிலையிலிருந்து தொடங்குவதைவிட, ஒரு பெட்டியை வாங்கிப் பிரித்துப் பார்த்து அங்கிருந்து முன்னேறலாம் என்று நான்தான் முடிவு செய்தேன். அந்த முடிவு தவறு என்று இப்போதும் நினைக்கவில்லை; பெட்டியை அப்படியே மேடையில் வைத்துவிடலாம் என்று எண்ணியிருந்தால்தான் தவறாகியிருக்கும்.

பெட்டி வந்து சேர்ந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மண்டபம் வரை கொண்டுவந்து தருவதாகப் பணம் வாங்கியவர்கள் ராமநாதபுரத்திலேயே நிறுத்திக்கொண்டு, வந்து எடுத்துக்கொள்ளுமாறு தொலைபேசியில் சொன்னார்கள். எடுத்து வந்து திறந்தபோது பொருட்கள் எதுவும் உடையாமல், பட்டியலில் உள்ளபடி எண்ணிக்கை குறையாமல் இருந்தன. பூட்டுவதற்கு ஒரு மணி நேரம் ஆனது. கையேடு முழுவதும் ஆங்கிலத்தில் இருந்ததோடு, மூன்றாவது படத்தில் தாங்கிப் பலகையைத் தலைகீழாக வரைந்திருந்தார்கள்; அதை நம்பிப் பூட்டி, பிறகு கழற்றினோம். பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றுகூட வைக்கவில்லை. சுருள்வில்லின் எதிரே பதினாறு வயதுப் பிள்ளைகள் குனிந்து பார்க்கப் போகிறார்கள் என்று தெரிந்தே விற்கப்படும் ஒரு பொருளில் இது மன்னிக்கத்தக்க மறதி அல்ல. அருகில் உள்ள வெல்டிங் பட்டறையிலிருந்து நான்கு கண்ணாடிகளை இரவல் வாங்கிக்கொண்ட பிறகுதான் முதல் பந்தை எறிய அனுமதித்தேன்.

பெட்டியின் மேல் "5 மீட்டருக்கும் மேல்" என்று அச்சிட்டிருக்கிறது. கூடவே இரண்டு வகைப் பந்துகளைக் கொடுத்திருந்தார்கள்: மூன்று டேபிள் டென்னிஸ் பந்துகளும், அதே 40 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு ரப்பர் பந்தும். வராந்தாவில் ஈரமணலைப் பரப்பி, பந்து விழும் குழியிலிருந்து தூரத்தை அளந்தோம். கோணத்தை 45 டிகிரியில் வைத்து, சுருள்வில்லை முழுவதுமாக இழுத்து மாட்டி எறிந்தபோது டேபிள் டென்னிஸ் பந்து ஏறத்தாழ 2.2 மீட்டரிலும், ரப்பர் பந்து ஏறத்தாழ 2.1 மீட்டரிலும் விழுந்தன. அச்சிட்ட தூரத்தில் பாதிகூட வரவில்லை என்பது முதல் ஏமாற்றம். அதைவிட வியப்பாக இருந்தது, கையில் எடுத்தாலே எடை வேறுபாடு தெரியும் இரண்டு பந்துகளும் ஒரே இடத்தை ஒட்டி விழுந்ததுதான். "கனமான பந்து பக்கத்துல விழணும், லேசான பந்து தூரம் போகணும், இல்லையா டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். அன்று மாலை விடை சொல்லாமல் விட்டுவிட்டேன். உண்மையில் எனக்கும் உடனே பிடிபடவில்லை.

மறுநாள் எடை பார்த்தோம். ஆய்வகத் தராசு பழுதாகிக் கிடந்ததால், கடைத்தெருவில் உள்ள நகை அடகுக் கடைக்கு மாணவர்களை அழைத்துச் சென்றேன். கடைக்காரர் தங்கம் நிறுக்கும் தட்டில் பந்தை வைப்பதற்குச் சற்றுத் தயங்கி, துணியால் துடைத்துவிட்டு வைக்கச் சொன்னார். டேபிள் டென்னிஸ் பந்து 2.7 கிராம், விதிமுறையில் உள்ள எடையும் அதுவே. ரப்பர் பந்து 24 கிராம், அதாவது கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு. பிறகு, பந்தை முன்னே தள்ளும் தலையோடு கூடிய இரும்புத் தள்ளுதடியையும் தட்டில் வைத்தோம். 60 கிராம் காட்டியது. அந்த எண்ணில்தான் இக்கருவியின் பெரும்பாலான குறைகளுக்குக் காரணம் இருந்தது.

சுருள்வில் விடுபடும்போது அது பந்தை மட்டும் தள்ளுவதில்லை. தள்ளுதடியையும் சேர்த்தே தள்ளுகிறது. பந்து குழாயின் வாயிலிருந்து பிரியும் கணத்தில் தடியும் பந்தும் ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் என்பதால், ஆற்றல் எடைக்கேற்பப் பங்கு பிரிகிறது. தடி 60 கிராம், ரப்பர் பந்து 24 கிராம் என்றால், மொத்த 84 கிராமில் பந்தின் பங்கு 29 விழுக்காடுதான். டேபிள் டென்னிஸ் பந்துக்கோ 62.7-இல் 2.7, அதாவது நான்கு விழுக்காட்டைச் சற்றே தாண்டுகிறது. மீதி முழுவதும் தடியிலேயே தங்கி, தடி முன்தடுப்பில் மோதும்போது சத்தமாகவும் அதிர்வாகவும் வீணாகிறது. எறியப்படும் மொத்த எடையில் தடியே பெரும்பங்கு என்பதால்தான் எந்தப் பந்தை வைத்தாலும் வேகம் பெரிதாக மாறவில்லை. அந்தச் சிறிய வேறுபாட்டையும் டேபிள் டென்னிஸ் பந்தின் மீதான காற்றின் தடை சமன்செய்துவிட்டது.

சுருள்வில்லில் எவ்வளவு ஆற்றல் இருந்தது என்பதையும் அளந்தோம். கருவியை நேராக நிறுத்தி, தடியின் தலைமேல் ஒரு கட்டையை வைத்து, ஒரு கிலோ அரிசிப் பொட்டலங்களை ஒவ்வொன்றாக ஏற்றினால், ஒவ்வொரு கிலோவுக்கும் சுருள் 2 சென்டிமீட்டர் இறங்கியது. ஏற்றும் விசைக்கு நேர்விகிதத்தில் சுருள் அமுங்கும் என்ற ஹூக் விதி பாடப்புத்தகத்தில் உள்ளதைப் போலவே நேர்கோடாக வந்ததில் மாணவர்களுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லியாக வேண்டும். அப்படியானால் சுருளின் விறைப்பைக் காட்டும் விசை மாறிலி மீட்டருக்கு 490 நியூட்டன். 6 சென்டிமீட்டர் அமுக்கத்தில் சேமிக்கப்படும் நிலை ஆற்றல் 0.88 ஜூல். இதை 84 கிராமுக்குப் பகிர்ந்தால் வேகம் நொடிக்கு 4.6 மீட்டர், 45 டிகிரியில் கிடைத்தள நெடுக்கம், அதாவது பந்து போய் விழும் தூரம், 2.1 மீட்டரைச் சற்றுத் தாண்டும். குழாயின் வாய் தரையிலிருந்து இருபது சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பது கொஞ்சம் கூட்டுகிறது, உராய்வு அதைக் கழித்துவிடுகிறது. கணக்கும் மணலும் ஒத்துப்போயின. 5 மீட்டர் என்று அச்சிட்டவர்கள் தடியின் எடையை மறந்து, மொத்த ஆற்றலும் பந்துக்கே போகும் என்று கணக்கிட்டிருப்பார்களோ என்று ஒரு கணம் ஐயப்பட்டேன். ஆனால் அப்படிக் கணக்கிட்டால் ரப்பர் பந்துக்கு ஏழரை மீட்டர் வருகிறது. எந்தக் கணக்கிலும் 5 வரவில்லை.

தடியை மாற்றுவதற்காகக் கடைசல் பட்டறைக்குப் போனோம். விசைப்படகுகளின் எஞ்சின் வேலை பார்க்கும் பட்டறை அது. பள்ளிக்கூடத்து வேலைக்கு அங்கே நேரம் ஒதுக்குவது அரிது. பட்டறைக்காரர் தடியைக் கையில் வாங்கி, இரண்டு முறை இழுத்துவிட்டுப் பார்த்தார். எங்கள் கணக்கு எதையும் நாங்கள் சொல்லவில்லை. "டீச்சர், நீங்க பந்தை எறியல, இந்தத் தடியத்தான் எறியுறீங்க. பந்து சும்மா கூடப் போகுது" என்றார். நாங்கள் தராசும் அரிசியும் வைத்து ஒரு வாரத்தில் கண்டுபிடித்ததை அவர் அரை நிமிடத்தில் சொன்னதைக் கேட்டு மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

புதிய தடிக்கான வழி வீட்டிலிருந்தே வந்தது. மீன்வலையில் கோத்திருக்கும் மிதவைகளில் ஒன்றை ஒரு மாணவன் எடுத்து வந்தான். நடுவில் கயிறு நுழையும் துளையுடன், நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்து மீளும் அந்த மிதவை சில கிராம்களே எடை கொண்டது. அதைக் குழாயின் உள்விட்டத்துக்கு ஏற்ப உப்புத்தாளால் தேய்த்து, துளையில் ஒரு மெல்லிய அலுமினியக் குழாயைச் செருகி, பின்னால் சிறிய வளையம் ஒன்றைப் பூட்டியதும் புதிய தள்ளுதடி கிடைத்தது. மொத்த எடை 16 கிராம். ரப்பர் பந்தின் பங்கு 29 விழுக்காட்டிலிருந்து 60 விழுக்காடாக உயர்ந்தது. அதே சுருள்வில், அதே 6 சென்டிமீட்டர் அமுக்கம், அதே 45 டிகிரி, பந்து 4.2 மீட்டரில் விழுந்தது. மாணவர்கள் முதலில் நாடாவை மாற்றி அளந்தார்கள், பிறகு நம்பினார்கள். கருவியின் விலையில் நூற்றில் ஒரு பங்கைக்கூட எட்டாத ஒரு மிதவை தூரத்தை இருமடங்காக்கியது. இதைத் தயாரிப்பாளர் செய்திருக்க முடியாதா என்ற கேள்விக்கு, இரும்புத் தடி மலிவு, வெட்டி மாட்டினால் முடிந்தது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை.

டேபிள் டென்னிஸ் பந்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. தடி இலேசானதும் அதன் வேகம் நொடிக்கு 9 மீட்டரைத் தாண்டியது. கையேட்டில் அச்சிட்ட நெடுக்கச் சூத்திரத்தின்படி அது 9 மீட்டர் தூரம் போயிருக்க வேண்டும். பாதித் தூரத்தைச் சற்றுத் தாண்டியே விழுந்தது. அந்தப் பந்து காற்றில் சும்மா விழுந்தாலே நொடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் வேகத்தில் அதன் எடையும் காற்றின் தடையும் சமமாகிவிடும். அதாவது குழாயை விட்டுக் கிளம்பும்போதே அதன் எடைக்கு நிகரான தடை அதை எதிர்க்கிறது. காற்றின் தடையைப் பற்றிக் கையேட்டில் ஒரு வரியும் இல்லை. ஆடி மாதத்தில் கச்சான் காற்று வராந்தாவின் குறுக்கே வீசிக்கொண்டிருந்தபோது எறிந்த டேபிள் டென்னிஸ் பந்துகளில் ஒன்று மணலைத் தொடாமலே வேப்பமரத்தடிக்குப் போனது. மண்டபத்தில் இதை வாங்குபவர்கள் அந்த மூன்று பந்துகளையும் விளையாட்டு ஆசிரியரிடம் கொடுத்துவிடலாம்.

தூரத்தின் குறை இப்படித் தீர்ந்தது. சிதறலின் குறைதான் உண்மையில் கடுமையானது. பெட்டியில் வந்த நிலையிலேயே, எதையும் மாற்றாமல் ரப்பர் பந்தைப் பத்து முறை எறிந்தபோது அருகில் விழுந்தது 1.72 மீட்டரிலும் தொலைவில் விழுந்தது 2.31 மீட்டரிலும் இருந்தன. வாளியின் வாய் 25 சென்டிமீட்டர்; சிதறலோ 59 சென்டிமீட்டர். அடித்தால் அடித்தது என்று விடுவதற்கு இது திருவிழாக் கடை அல்ல. காரணத்தைத் தேடியபோது, தடியைப் பிடித்து நிறுத்தும் கொக்கியை மூன்று மில்லிமீட்டர் எம்.டி.எப். பலகையிலேயே வெட்டியிருந்ததைக் கண்டோம். ஒவ்வொரு முறையும் இரும்புத் தடியின் விளிம்பு அந்த மரத்தூள் பலகையை உரசிக்கொண்டு விடுபடுகிறது. நாற்பது ஐம்பது எறிதலுக்குள் கொக்கியின் முனை மழுங்கி, அருகில் வைத்துப் பார்த்தால் நனைந்த அட்டையைப் போல இழைஇழையாகப் பிரிந்திருந்தது. நெடுக்கம் அமுக்கத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், 60 மில்லிமீட்டரில் ஒரே ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தாலும் தூரம் 3.3 விழுக்காடு குறைகிறது; 2.1 மீட்டரில் அது 7 சென்டிமீட்டர். இரண்டு மில்லிமீட்டர் தேய்ந்தால் வாளியின் நடுவைக் குறிவைத்த பந்து விளிம்பில் பட்டு வெளியே தெறிக்கும்.

இதே இடத்தில் ஒரு காயமும் நேர்ந்தது. மழுங்கிய கொக்கி தானாக நழுவி, பின்னால் குமிழைப் பிடித்திருந்த மாணவனின் பெருவிரல் நகத்தில் தடியின் குமிழ் அடித்தது. நகம் கறுத்ததோடு போயிற்று. அன்றிலிருந்து கருவியைத் தொடாமல், இரண்டு மீட்டர் நீளத் தங்கூசி (நைலான் தூண்டில்) நரம்பைக் கட்டி இழுத்தே கொக்கியை விடுவித்தோம். அப்படிச் செய்ததில் எதிர்பாராத ஒரு நன்மையும் கிடைத்தது: கையால் அழுத்தும்போது கருவி சற்றே அசைந்துகொண்டிருந்தது நின்றுவிட்டது.

விற்றவரிடம் முறையிட்டபோது ஒரு வாரத்தில் மாற்றுக் கொக்கி அனுப்பினார்கள் என்பதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அதுவும் அதே பலகையில், அதே அளவில் வெட்டிய கொக்கி. பட்டறைக்காரர் துருப்பிடிக்காத எஃகுத் துண்டு ஒன்றிலிருந்து கொக்கியை அராவிக் கொடுத்தார். அவர் எஃகைத் தேர்ந்தெடுத்த விதம் பார்க்கத் தக்கது. கிடங்கில் 304, 316 என்ற இரண்டு தரங்களில் துண்டுகள் இருந்தன. 304-ஐத் தள்ளிவைத்துவிட்டு 316-ஐ எடுத்தார். 316-இல் மாலிப்டினம் என்ற உலோகம் சேர்ந்திருப்பதால் உப்பைத் தாங்கும் என்பதை நான் புத்தகத்தில் படித்திருக்கிறேன். அவர் படகுகளில் பார்த்திருக்கிறார்.

பெட்டியில் வந்த திருகுகளும் சுருள்வில்லும் அந்த அளவுக்கு யோசித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவை அல்ல. இரண்டாவது வாரத்திலேயே நட்டுகளின் முகத்தில் வெள்ளைப் பூச்சும், அதன்பின் செந்நிறத் துருவும் தெரிந்தன. சுருள்வில்லைக் கழற்றித் துடைத்தபோது துணி காவி நிறமாயிற்று. பாம்பன் கடற்பரப்பு உலகிலேயே உலோகங்களை மிகக் கடுமையாக அரிக்கும் சூழல்களில் ஒன்றாக எண்ணப்படுவது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய ரயில் பாலத்தில் கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளை இட்டு, எஃகுப் பகுதிகளுக்கு அரிப்பைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் பூச்சுக் கொடுத்தது இதனால்தான். வேறு ஊர்களில் விற்பதற்குச் செய்த ஒரு பெட்டியைக் குறைகூற இதை மட்டும் ஆயுதமாக எடுப்பது நியாயமல்ல என்பதை உணர்கிறேன். ஆயினும் எம்.டி.எப். தாங்கி ஐப்பசி மழையில் உப்பி, குழாயைப் பிடிக்கும் துளை இறுகி, கோணத்தை மாற்றவே முடியாமல் போனது கடற்கரைக்கு மட்டும் உரிய சிக்கல் அல்ல. மழை பெய்யும் எந்த ஊரிலும் நடக்கும். பலகையின் விளிம்புகளுக்கு ஒரு பூச்சு வார்னிஷ் கொடுத்திருந்தாலே போதும். சுருள்வில்லுக்கு எஞ்சின் கிரீஸ் தடவி, வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியில் சுற்றி வைக்கத் தொடங்கிய பிறகு துரு மேலே படரவில்லை.

கோணத்தைப் பற்றிய குறை வடிவமைப்பைச் சேர்ந்தது என்பதால் அதைத் தனியே சொல்கிறேன். இக்கருவியில் சுருள்வில்லை மாட்ட ஒரே ஒரு நிலைதான் உண்டு. தூரத்தை மாற்ற வேண்டுமானால் குழாயின் கோணத்தை மாற்ற வேண்டும். பார்ப்பதற்கு எளிமையாகத் தோன்றும் இந்த ஏற்பாடு குறிதவறுவதற்கு மிகவும் வசதியானது. 45 டிகிரியில் ஐந்து டிகிரி முன்பின் ஆனாலும் நெடுக்கம் ஒன்றரை விழுக்காடுதான் குறையும். மலையுச்சியில் சற்று நகர்ந்தாலும் உயரம் மாறாததைப் போல. ஆனால் அருகில் உள்ள வாளிக்காகக் கோணத்தை 20 டிகிரிக்கு இறக்கினால், ஒரே ஒரு டிகிரி பிசகுக்கு நான்கு விழுக்காட்டுக்கும் மேல் தூரம் மாறுகிறது. இங்கே கோணத்தை நிறுத்துவது கையால் திருகி இறுக்கும் ஒரு விங் நட்டு. ஒவ்வொரு எறிதலுக்கும் தடி முன்தடுப்பில் மோதும் அதிர்ச்சியில் அது தளர்கிறது. அளப்பதோ சாயம் மங்கும் காகிதக் கோணமானி. 60 கிராம் தடியின் வீணான ஆற்றல் போய்ச் சேர்வது இந்த நட்டுக்குத்தான் என்பதைக் கவனித்தால், கருவியின் குறைகள் தனித்தனியானவை அல்ல என்று தெரியும்.

ஆகவே மாணவர்கள் ஏற்பாட்டைத் தலைகீழாக மாற்றினார்கள். கோணத்தை 45 டிகிரியில் இரண்டு துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகளால் அசையாமல் இறுக்கிவிட்டு, அலுமினியத் தடியில் மூன்று காடிகளை வெட்டி, அமுக்கத்தை மாற்றித் தூரத்தை மாற்றினார்கள். 6 சென்டிமீட்டருக்கு 4.2 மீட்டர் என்றால், 2, 3, 4 மீட்டருக்கு எவ்வளவு அமுக்க வேண்டும் என்பதை வர்க்கமூலம் கண்டு கணக்கிட்டதில் 41, 51, 59 மில்லிமீட்டர் வந்தன. எறிந்து பார்த்து ஓரிரு மில்லிமீட்டர் திருத்தினோம். அடிப்பலகை துள்ளாமலிருக்க, வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளில் ஒன்றரைக் கிலோவைத் துணிப்பையில் போட்டுக் கீழே கட்டினோம். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் யாரும் சாப்பிடக் கூடாது என்று அவர்களுக்குச் சொன்னதை இங்கும் சொல்லிவைக்கிறேன். இத்தனையும் செய்த பிறகு, நான்கு மீட்டர் காடியில் பத்து முறை எறிந்ததில் சிதறல் 17 சென்டிமீட்டராகச் சுருங்கியது. செலவு: பட்டறைக் கூலி 250, அலுமினியக் குழாய் 40, போல்ட்டுகள் 120, மிதவை 15, ஆக 425 ரூபாய்.

இடையில் ஒரு மாணவன் சுருள்வில்லையே கைவிட்டுவிடலாம் என்று வாதிட்டான். புதிய பாம்பன் பாலத்தின் 72.5 மீட்டர் நீளத் தூக்குப்பகுதி 17 மீட்டர் உயரம் எழும்போது எதிர் எடைகள் கீழே இறங்குவதைப் பார்த்துவிட்டு வந்தவன் அவன். எடை விழுந்து பந்தை எறியும் கவண் செய்தால் என்ன என்பது அவன் கேள்வி. அதில் பொருள் இருந்தது: இரண்டு கிலோ ஈயக்குண்டு 30 சென்டிமீட்டர் இறங்கினால் 5.9 ஜூல் கிடைக்கும், எங்கள் சுருள்வில் தருவதைப் போல ஆறு மடங்குக்கும் மேல். ஈயம் துருப்பிடித்து உதிராது, ஈர்ப்பு விசை தளராது. கண்காட்சி மேசையின் அளவு இடம் கொடுக்காததால் அதை ஒத்திவைத்தோம். அடுத்த ஆண்டு பெட்டி எதுவும் வாங்காமல் அதையே செய்யப் போகிறார்கள்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டு கொடுப்பேன். அந்த இரண்டும் குழாய்க்கும் சுருள்வில்லுக்கும் உரியவை. குழாய் கோணலின்றி, உள்ளே வழவழப்பாக, ஐந்து மாதமாகியும் கீறல் விழாமல் இருக்கிறது. சுருள்வில் துருப்பிடித்தாலும் விசை மாறிலி மாறாமல் உழைக்கிறது. மற்ற எதையும் நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை. எட்டாம் வகுப்புக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு விடுமுறைப் பொழுதுபோக்காக வாங்குபவர்கள், முதலில் கொக்கியை மாற்றிவிட்டு, கண்ணாடியும் வாங்கிக்கொண்டு, பிறகு கொடுக்கலாம். மேல்நிலை மாணவர்களின் திட்டப்பணிக்கு வாங்குபவர்கள், அருகில் ஒரு கடைசல் பட்டறை இருந்தால் மட்டும் வாங்குங்கள். கண்காட்சிக்கு ஒரு வாரம் முன்னால் வாங்கி அப்படியே கொண்டுபோய் வைக்கலாம் என்று எண்ணுபவர்கள் வாங்கவே வேண்டாம்.

கண்காட்சி ராமநாதபுரத்தில் ஒரு மூடிய அரங்கில் நடந்ததால் காற்றுத் தொல்லை இல்லை. ஒவ்வொரு வாளிக்கும் மூன்று வாய்ப்புகள் தந்தார்கள். ஒன்பது பந்துகளில் ஏழு உள்ளே விழுந்தன. தவறிய இரண்டும் நான்கு மீட்டர் வாளியின் விளிம்பில் பட்டவை. நடுவராக வந்தவர் தூரத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. மிதவையைக் கழற்றிக் காட்டச் சொல்லி, அதன் எடையைக் கேட்டார்.

திரும்பி வந்ததும் விற்பனையாளருக்கு எழுதினேன்: குழாயையும் சுருள்வில்லையும் மட்டும் தனியாகத் தருவீர்களா, எங்களுக்கு இன்னும் இரண்டு தேவை என்று கேட்டிருந்தேன். உதிரிப் பாகங்கள் தனியே விற்பனைக்கு இல்லை என்றும், அடுத்த முழுப் பெட்டிக்குப் பத்து விழுக்காடு தள்ளுபடி உண்டு என்றும் பதில் வந்திருக்கிறது.